பிள்ளை டைரியும் பிள்ளைகள் ஃபைலும்

பாண்டிச்சேரி ரங்கப்பிள்ளை வீதியில் நடந்திருக்கிறீர்களா? ஆனந்தரங்கப் பிள்ளை வாழ்ந்த ஊர். கவர்னர் துப்ளெக்ஸிடம் துபாஷி உத்தியோகம். 1736 முதல் 1761 வரை டைரி எழுதினார். துப்ளெக்ஸ் பெண்சாதி மேல் இருந்த கோபத்தையெல்லாம் கொட்டியிருக்கிறார். மனுஷன் அதை துரையிடம் காட்டியிருப்பாரா என்ன! டைரி வெளி உலகத்துக்குத் தெரியவந்ததே 1846-ல்தான்.

இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு 'எலக்ட்ரானிக் போர்ட்ஃபோலியோ'. வரைந்த படம், எழுதிய கட்டுரை, நூலகத்தில் படித்த புத்தகம் எல்லாம் கம்ப்யூட்டரில் சேரும். 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை, பிள்ளை தன்னைத்தானே மதிப்பிடவும் சொல்கிறது. மார்க் ஷீட்டைவிட நல்லதுதான், மறுக்கலே.

ஆனா டீச்சர் பார்ப்பார், அப்பா பார்ப்பார்னு தெரிஞ்ச பிள்ளை, புரியாமல் பாதியில் மூடிய புத்தகத்தை அதில் எழுதுமா? கேடயம் வாங்கிய போட்டோதான் போகும். பொய்யில்லை, முழுசும் இல்லை.

நூலகரய்யா, ஒரு ஃபோல்டருக்கு மட்டும் பாஸ்வேர்டு பிள்ளையிடமே இருக்கட்டும். பெற்றோரே, அதைக் கேட்காமல் இருப்பீங்களா?