ஓர் உருளைக்கிழங்கில் எத்தனை உயிர்?

ஆபிரகாம் திரம்ப்ளே ஜெனிவாக்காரர். நெதர்லாந்தின் ஹேக் நகருக்கு அருகே ஒரு பிரபுவின் மாளிகையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. 1740இல், குளத்துத் தண்ணீரில் பச்சையாக, சில மில்லிமீட்டர் நீளத்தில் ஏதோ ஒன்று நீர்ச்செடிகளில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். இன்று பள்ளிப் பாடத்தில் ஹைட்ரா என்று வருவது அதுதான். நிறத்தைப் பார்த்தால் செடி. ஆனால் கைபோன்ற இழைகளை நீட்டுகிறது, சுருக்குகிறது, இடம்கூட மாறுகிறது. வெட்டிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். செடியானால் துளிர்க்கும், பிராணியானால் செத்துப்போகும்.

இரண்டு துண்டுமே பிழைத்தன. தலைக்கு அடிப்பகுதி வளர்ந்தது, அடிப்பகுதிக்குத் தலை முளைத்தது. அது இரை பிடித்துத் தின்பதையும் பார்த்தபின், பிராணிதான் என்ற முடிவுக்கு வந்தார் திரம்ப்ளே. 1744இல் அவர் நூல் வெளிவந்தபோது ஐரோப்பியப் படிப்பாளிகளை அதிகம் உலுக்கியது ஆன்மா பற்றிய சங்கடம். உடலை இயக்கும் ஆன்மா பிரிக்க முடியாதது என்றால், கத்தி பட்டதும் அது எந்தத் துண்டோடு போயிற்று?

அரிஸ்டாட்டிலுக்கே இந்தச் சிக்கல் தெரியும். செடிகளும் சில பூச்சிகளும் வெட்டுப்பட்ட பிறகும் வாழ்வதை அவர் கவனித்திருந்தார். நடப்பில் இருப்பது ஓர் உயிர், பலவாகும் ஆற்றல் அதற்குள் இருக்கிறது என்றார். சாமர்த்தியமான பதில்தான். ஆனால் ஒன்று பலவாவது எந்தக் கணத்தில் என்று கேட்டால் நழுவிவிடுகிறது.

சமணம் வேறு வழியில் போனது. மண்ணுக்கடியில் விளையும் கிழங்கில் ஒரே உடலை எண்ணற்ற உயிர்கள் பங்கிட்டுக்கொள்கின்றன என்பது அதன் கொள்கை. கட்டுப்பாடான சமணர் வீட்டில் வெங்காயம், பூண்டு, முள்ளங்கி கிடையாது. தென் அமெரிக்காவிலிருந்து வெகுகாலம் கழித்து வந்துசேர்ந்த உருளைக்கிழங்குக்கும் அதே தடைதான். விதைக்கிழங்கைத் துண்டுக்கு ஒரு கண்ணாவது இருக்கும்படி நறுக்கி நடும் விவசாயிக்கு இந்தக் கணக்கு விசித்திரமாகப் படாது. துண்டுக்கொரு செடி வருவதை அவர் பார்க்கிறார். அதற்காகச் சமணர்கள் அன்றே செல்லைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று கிளம்புவது வேண்டாத வேலை. அவர்கள் பேசியது வலியை உணரும் உயிர்களைப் பற்றி.

செடி, விலங்கு எல்லாமே செல்களால் ஆனவை என்ற கோட்பாட்டை 1838-39இல் ஷ்லைடனும் ஷ்வானும் முன்வைத்தார்கள். கிழங்கின் கண்ணிலும் ஹைட்ராவின் உடலிலும் பிரிந்து பெருகக்கூடிய செல்கள் இருக்கின்றன. துண்டு முழுதாவது அதனால்தான். உயிருள்ளதா என்ற கேள்விக்குப் பாடநூலில் விடை உண்டு. எத்தனை உயிர் என்று அது கேட்பதேயில்லை.

மனிதருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். ஒரே உருவ இரட்டையர் ஒரே கருமுட்டையிலிருந்து, முதல் சில நாட்களில் பிரிந்து உருவாகிறவர்கள். கருத்தரித்த கணமே ஆன்மா வந்துவிடுகிறது என்போரிடம் தத்துவவாதிகள் இரட்டையரைக் காட்டித்தான் வாதாடுகிறார்கள். ஆய்வகத்தில் மனிதக் கருவை 14 நாட்களுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்று பிரிட்டன் 1990இல் சட்டம் இயற்றியது. அந்த வரம்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, அதன்பிறகு கரு இரண்டாகப் பிரிவதில்லை என்பது.