முன்னறிவும் விருப்புரிமையும்: டிம் பவர்ஸின் புனைவில் ஓர் இறையியல் வினா

நீராவி இயந்திரங்கள் கோலோச்சிய பத்தொன்பதாம் நூற்றாண்டைக் களமாகக் கொண்டு, அக்காலம் அறியாத விந்தைப் பொறிகளையும் மாயங்களையும் அதனுள் புகுத்திக் கதை சொல்லும் வகைமைக்கு ஸ்டீம்பங்க் என்னும் பெயரை, அமெரிக்க எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டர் 1987இல் ‘லோகஸ்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில், தம்மையும் தம் நண்பர்களான ஜேம்ஸ் பிளேலாக், டிம் பவர்ஸ் ஆகியோரையும் மனத்தில் கொண்டு, பாதி விளையாட்டாகவே முன்மொழிந்தார். இம்மூவருள் பவர்ஸ் தனித்து நோக்கத்தக்கவர். ஏனெனில், கத்தோலிக்கரான அவருடைய புனைவில், நடக்கப்போவது முன்பே அறியப்பட்டிருக்குமானால் தன் செயலைத் தானே தேர்ந்துகொள்ளும் விருப்புரிமை மனிதனுக்கு மெய்யாகவே உண்டா என்னும் பழைய இறையியல் வினா, கதையின் முதுகெலும்பாகவே அமைந்துள்ளது.

1952இல் பஃபலோ நகரில் பிறந்த பவர்ஸ், கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் பயின்றபோது அறிபுனை எழுத்தாளர் பிலிப் கே. டிக்கின் நட்பைப் பெற்றார்; உடன் பயின்ற பிளேலாக்குடன் சேர்ந்து, வில்லியம் ஆஷ்பிளெஸ் என்னும் இல்லாத கவிஞர் ஒருவரை வேடிக்கையாகப் படைத்ததும் அங்கேதான். 1976இல் முதல் புதினங்கள் வெளிவந்தன. புகழைத் தந்தது 1983இல் வெளியாகிப் பிலிப் கே. டிக் விருது பெற்ற ‘தி அனுபிஸ் கேட்ஸ்’. ஸ்டீம்பங்கின் மூலநூல்களுள் ஒன்றாக எண்ணப்படும் அதில் நீராவி இயந்திரத்தைத் தேடுபவர் ஏமாறுவார். எகிப்திய மந்திரவாதிகளே மிகுதி.

கவிஞர் கோல்ரிட்ஜின் சொற்பொழிவைக் கேட்பதற்காக 1810ஆம் ஆண்டு லண்டனுக்குக் காலப்பயணம் செய்யும் பிரெண்டன் டாயில் என்னும் இலக்கிய ஆய்வாளர், திரும்ப வழியின்றி அங்கேயே சிக்கி, உடல் மாறி, தாம் ஆராய்ந்துவந்த ஆஷ்பிளெஸ் தாமேதான் என்று உணர்கிறார். ஆஷ்பிளெஸ் 1846இல் உல்விச் சதுப்பு நிலத்தில் கொலையுண்டு கிடந்தார் என்பதை நூல்களில் படித்தறிந்தவராதலால், தம் சாவின் நாளும் இடமும் தெரிந்தே அவர் எஞ்சிய வாழ்வை நடத்தவேண்டியவராகிறார்.

மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையிலிருந்தபோது ஆறாம் நூற்றாண்டுத் தத்துவஞானி போயிதியஸ், முன்னறிவு விருப்புரிமையை அழித்துவிடுமா என்னும் வினாவுக்கு அளித்த விடை புகழ்பெற்றது: இறைவன் முக்காலத்தையும் ஒரே நிகழ்காலமாகக் காண்கிறான், நடந்துசெல்பவனை ஒருவர் காண்பது அவனை நடக்கக் கட்டாயப்படுத்தாதது போலவே, இறையறிவும் எவரையும் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் இவ்விடை, அறிபவன் காலத்துக்கு அப்பால் நிற்கும்வரைதான் செல்லும். டாயிலோ காலத்துக்குள் நின்றே அறிகிறார். அறிந்ததைக் கொண்டு அவரால் ஒளியவும் முடியும், ஓடவும் முடியும். குறித்த நாளில் அவர் தாமே உல்விச்சுக்குச் செல்கிறார். அங்கே அவரை எதிர்கொள்வது, எகிப்தில் அவருடைய குருதியிலிருந்து மந்திரத்தால் உருவாக்கப்பட்ட அவருடைய படியுரு. பண்டை எகிப்தியர் மனிதனின் உயிர்க்கூறுகளுள் ஒன்றைக் குறித்த ‘கா’ என்னும் பெயரையே புதினம் அதற்கு இடுகிறது. சண்டையில் படியுரு மடிய, வரலாறு பதிவுசெய்த சடலம் அதுவே என்று தெளிந்த டாயில், எந்த நூலும் சொல்லாத நாட்களை நோக்கிப் படகில் புறப்படுகிறார். ஆக, பதிவு பொய்க்கவில்லை. அதன் பொருளைத்தான் அவர் தவறாகக் கொண்டிருந்தார். ஊழைப் புறங்காண முயலாமல், அதற்கும் அதைப் பற்றிய மனித அறிவுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் விருப்புரிமையை நிறுத்துகிறார் பவர்ஸ்.

இப்பார்வை அவருடைய எழுத்துமுறையிலேயே ஊன்றியிருக்கிறது. பிரித்தானிய உளவாளி கிம் ஃபில்பியின் வாழ்வை அடிப்படையாகக் கொண்ட ‘டிக்ளேர்’ புதினத்தில், ஆவணங்களிலுள்ள நாளையும் நிகழ்ச்சியையும் மாற்றுவதில்லை என்னும் விதியைத் தமக்கு வகுத்துக்கொண்டு, அந்நிகழ்ச்சிகளுக்கு மறைவான காரணங்களை மட்டுமே அவர் கற்பித்தார்.

இவ்வமைப்பில் விரிசல்களும் இல்லாமல் இல்லை. ஆஷ்பிளெஸின் கவிதையை டாயில் நினைவிலிருந்து எழுதிவைக்கிறார். அந்த எழுத்தே அச்சேறி, பின்னாளில் அவரால் படிக்கப்பட்டு, மனப்பாடமாகிறது. அப்படியானால் அதை இயற்றியவர் எவருமிலர். எப்பொருளும் தனக்குத் தானே காரணமாக இயலாது என்று கொண்டு, அதிலிருந்தே முதற்காரணனாகிய இறைவனை நிறுவியவர் தாமஸ் அக்குவினாஸ். அவருடைய வழியில் நிற்கும் திருச்சபையைச் சேர்ந்த எழுத்தாளர், ஆக்கியோன் இல்லாத ஆக்கமொன்றை நகைச்சுவையாகவே கடந்துபோவது வியப்புக்குரியது. இதனை விளையாட்டென்று விட்டுவிடலாம். படியுருவின் சாவை அவ்வாறு விட இயலாது. பேசவும் சினக்கவும் சண்டையிடவும் வல்ல அவ்வுருவுக்கும் விருப்புரிமை இருந்ததா என்று புதினம் ஒருமுறைகூடக் கேட்பதில்லை. ஒருவருடைய விடுதலைக்காக மற்றொருவர் பதிவின் கணக்கை நேர்செய்ய வேண்டியிருக்கிறது. பவர்ஸ் அளித்த விடையின் பெருங்குறை இதுவே.