என்னை நம்பலையா?

காரின் ஸ்டீரிங் வீலை அதன் தண்டோடு பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு நட். பழைய மாருதி 800 போன்ற வண்டியில் நடுவிலிருக்கும் ஹாரன் மூடியை எடுத்தால் அது கண்ணெதிரே நிற்கும். அதைக் கழற்றி மாட்டத் தெரிந்தவருக்கு ஸ்டீரிங் மாற்றத் தெரியும். கிளட்ச் பிளேட் மாற்றுவதோடு ஒப்பிட்டால் இது ஒரு வேலையே இல்லை. ஆனால் பூந்தமல்லி பைபாஸில் லாரிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கும்போது அந்த நட் கழன்று, வீல் மட்டும் கையோடு வந்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

நாம் கஷ்டமான வேலைக்குத்தான் பயப்படுகிறோம். ஆபத்தான வேலை சுலபமாக இருந்துவிட்டால் பயமே வருவதில்லை. இன்ஜினைப் பிரிக்கச் சொன்னால் கையெடுத்துக் கும்பிடுகிறவர், புது சிலிண்டரில் ரெகுலேட்டரை மாட்டிவிட்டு முகர்ந்துகூடப் பார்க்காமல் அடுப்பைப் பற்றவைப்பார்.

எங்கள் பக்கம் இந்தப் பயமின்மை கொஞ்சம் கூடுதல். 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில்தான் சைக்கிள் செய்தது. 1960-களின் தொடக்கத்தில் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், வீல்ஸ் இந்தியா என்று வரிசையாக எழுந்தன. அம்பத்தூர் எஸ்டேட் வந்தது. ஆவடியில் 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. டயர் செய்த டன்லப் போயும் பஸ் ஸ்டாப்பின் பெயர் போகவில்லை. பூந்தமல்லியைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் சான்ட்ரோ. வண்டியில் இருக்கும் எந்தச் சாமானைத் தொட்டாலும் அதைச் செய்த ஒருவர் பக்கத்துத் தெருவில் இருப்பார். ஆயுத பூஜைக்கு மறுநாள் பொரி கடலை வராத வீடு கிடையாது. இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவனுக்கு ஸ்பானரைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. சைக்கிள் ஹேண்டில்பார் கோணிக்கொண்டால் முன்சக்கரத்தைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கி, ஹேண்டிலை ஒரு முறுக்கு முறுக்கி நேராக்கிய அதே துணிச்சல்தான் காருக்கும் வருகிறது.

என் வண்டி பழைய மாருதி 800. ஏர்பேக் என்ற பேச்சே இல்லாத காலத்து வண்டி. பல வருட வெயிலில் ஸ்டீரிங்கின் மேல்பகுதி வெடித்து, வேர்வைக் கையோடு பிடித்தால் கறுப்பு அப்பிக்கொள்ளும். கவர் போட்டு ஓட்டிப் பார்த்தேன், கவர் வழுக்கியது. புதுப்பேட்டையில் அதே மாடலின் நல்ல ஸ்டீரிங் ஒன்று கிடைத்தது. சின்னதாக, ரேஸ் கார் மாதிரி இருந்ததையெல்லாம் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். அதற்கெல்லாம் நான் ஆள் இல்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் விடாது.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். முன்சக்கரங்கள் நேராக நிற்கும்படி வண்டியை நிறுத்த வேண்டும். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்ற வேண்டும். மூடியை எடுத்த பிறகு, தண்டும் வீலும் சேரும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு. நட்டைத் தளர்த்தலாம், வீல் விட்டு வரும்வரை முழுதாகக் கழற்றக் கூடாது. சில மரை மிச்சம் இருக்கட்டும். ஏனென்றால் வருடக்கணக்கில் இறுகிப்போன வீல் அசைக்க அசைக்க வராது, வரும்போது ஒரேயடியாக வரும். நட் முழுதாக வெளியே இருந்தால் வீல் நேராக மூக்கில் வந்து மோதும். தண்டின் தலையில் சுற்றிலும் பல் இருக்கும். வட்டத்துக்கு 36 பல் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் தள்ளி மாட்டினாலே 10 டிகிரி கோணல். வண்டி நேராகப் போகும், ஸ்டீரிங் மட்டும் தலையைச் சாய்த்துக்கொண்டு வரும். இண்டிகேட்டரைத் தானாக அணைக்கும் அமைப்பும் வீலின் அடியில் அதனதன் இடத்தில் உட்கார வேண்டும். பிறகு நட்டை அதற்குரிய டார்க்கில் இறுக்க வேண்டும். அளவு வண்டிக்கு வண்டி மாறும், அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கைக்கு இறுக்கமாகத் தெரிவது ஒரு கணக்கு இல்லை.

எல்லாம் செய்தேன். செய்து முடித்ததும், மாடி வீட்டில் இருக்கும் அண்ணனைக் கூப்பிட்டேன். ஆவடி டாங்கி ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். அவர் வாழ்நாளில் பாதி டி-72 டாங்கியோடு போனது. அந்த டாங்கிக்கு ஸ்டீரிங் வீலே கிடையாது; ஓட்டுபவரின் இரண்டு பக்கமும் இரண்டு லீவர்கள்தான். அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்.

அவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எப்படிச் செய்தாய், எந்த ஸ்பானர் போட்டாய், யார் சொல்லிக் கொடுத்தார்கள், எதுவுமில்லை. சீட்டில் உட்காராமல் கதவுக்கு வெளியே நின்றபடி இரண்டு கையாலும் வீலைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். மேலும் கீழும் ஆட்டினார். பிறகு, "ஸ்டார்ட் பண்ணி ஹாரனை அடிச்சுக்கிட்டே இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் முழுசாத் திருப்பு தம்பி" என்றார். தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஹாரன் எந்த இடத்திலும் விட்டுப்போகவில்லை. கடைசியாக மூடியைத் திரும்ப எடுக்கச் சொல்லி, வீட்டிலிருந்து நெயில் பாலிஷ் கேட்டு வாங்கி, நட்டின் மேலிருந்து தண்டு வரை ஒரே கோடாக இழுத்தார். சிவப்புக் கோடு. "இந்தக் கோடு ஒடிஞ்சிருந்தா நட் நகர்ந்திருக்குன்னு அர்த்தம். மாசத்துக்கு ஒரு தடவை பாரு."

வண்டி செய்யும் தொழிற்சாலைகளில் இது அன்றாடம். முக்கியமான நட்டை இறுக்கியதும் பெயிண்ட் பேனாவால் ஒரு அடையாளம் வைப்பார்கள். எந்தெந்த நட்டைப் பார்த்தாயிற்று, எது பாக்கி என்று அடுத்து நிற்பவருக்கு அது சொல்லும். ஆவடியில் இன்னும் ஒரு படி மேல். டாங்கியைச் செய்வது ஒரு நிர்வாகம், தரம் பார்ப்பது டி.ஜி.க்யூ.ஏ. என்ற வேறொரு நிர்வாகம். செய்தவருக்குக் கீழே பார்ப்பவர் வேலை செய்யக் கூடாது என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர். "அவங்க வந்து நின்னா உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்று அண்ணனிடம் கேட்டேன். "எரிச்சலா இருக்கும். முப்பது வருஷம் எரிச்சலோடதான் வேலை பார்த்தேன்" என்றார். எனக்குப் பிடித்த பதில் அது. சரிபார்க்கப்படுவது சுகம் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

வீட்டில் தனியாகச் செய்யும் வேலையில் இல்லாதது இந்த இரண்டாவது ஆள்தான். திறமை குறைவு என்பதல்ல. ஒரு மெக்கானிக் செய்வதைவிட நான் பொறுமையாகச் செய்திருக்கலாம். ஆனால் செய்த கண்ணுக்குச் செய்தது எல்லாம் சரியாகத்தான் தெரியும். எழுதியவனுக்குத் தன் எழுத்துப்பிழை தெரியாததும் இதனால்தான்.

நம் ஊரில் ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. பானெட்டைத் திறந்தால் போதும், தெருவில் போகிறவர்கூட நின்று நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். கல்யாணம், வீடு, பிள்ளையின் படிப்பு, முட்டி வலி எல்லாவற்றுக்கும் இதே கதை. இவையெல்லாம் வேலைக்கு முன்னால் வருகிறவை. வேலை முடிந்த பிறகு வந்து இழுத்துப் பார்க்க ஆள் கிடையாது. வந்தாலும் நமக்குச் சுருக்கென்று இருக்கும். "என்னை நம்பலையா?" என்ற ஒரு கேள்வியால் எத்தனை சரிபார்ப்பை நாம் விரட்டியிருக்கிறோம்! அப்பாவின் மாத்திரை டப்பாவில் மகன் எடுத்து வைத்ததை மருமகள் எண்ணிப் பார்த்தால் வீட்டில் சண்டை. வங்கிக் கடன் பத்திரத்தைத் தம்பி ஒருமுறை படித்துப் பார்க்கிறேன் என்றால் அண்ணனுக்கு முகம் மாறுகிறது.

பணத்தில் மட்டும் நாம் தெளிவாக இருக்கிறோம். "எண்ணிப் பார்த்து வாங்கிக்கோங்க" என்று கொடுப்பவரே சொல்வார். அண்ணன் தம்பிக்குள் கொடுத்தாலும் கண் முன்னால் எண்ணுவது மரியாதைக் குறைவு இல்லை. நோட்டுக்கட்டுக்குக் கொடுத்த இந்த நாகரிகத்தை மாத்திரைக்கும் ஸ்டீரிங்குக்கும் ஏன் கொடுக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. பணம் குறைந்தால் உடனே தெரிந்துவிடும், நட் தளர்ந்தால் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும் என்பதாலோ என்னவோ.

இதற்காகக் கம்பெனி என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பு, வீட்டில் எதையும் தொடாதே என்று சொல்ல வரவில்லை. ஜப்பானின் டகாட்டா கம்பெனி செய்த ஏர்பேக்குகளில், பையை ஊதவைக்கும் மருந்து அம்மோனியம் நைட்ரேட். ஈரமும் சூடும் வருடக்கணக்கில் ஏறி இறங்கினால் அது கெட்டு, தேவைக்கு மேல் வேகமாக வெடித்து, இரும்புத் துண்டுகளை ஓட்டுநர் முகத்தில் வீசியது. பல நாடுகளில் உயிர் போனது. கோடிக்கணக்கான வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். இந்தியாவில் ஹோண்டா பலமுறை கூப்பிட்டது. ஈரமும் சூடும் என்றால் நம் சென்னைதான். டகாட்டாவில் சோதனைகள் நடக்காமலில்லை. முடிவுகளைத் திருத்திக் கார் கம்பெனிகளுக்குக் கொடுத்தார்கள். 2017 ஜனவரியில் அமெரிக்காவில் அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் 100 கோடி டாலர் கட்டவும் அந்தக் கம்பெனி உடன்பட்டது. அதே வருடம் திவாலானது. ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்திலும், பார்ப்பவரின் எண்ணைத் திருத்த முடியுமென்றால் அங்கே இரண்டாவது ஆள் இல்லை என்றுதான் கணக்கு.

வீட்டிலுள்ள இன்னொரு வண்டி புதிது. 2019 ஜூலையிலிருந்து ஓட்டுநர் ஏர்பேக் இல்லாமல் இங்கே கார் தயாரிக்க முடியாது. அதன் ஸ்டீரிங்கில் நான் கை வைக்க மாட்டேன். மைனஸ் ஒயரைக் கழற்றி, உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கக் காத்திருந்து, மஞ்சள் கனெக்டரைப் பிரித்து, பையின் முகம் தன் பக்கம் இல்லாமல் தூக்கி, முகம் மேலே பார்க்க வைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். உள்ளே சுருள் நாடா போல ஒரு கேபிள் இருக்கிறது, அதை நடுவில் நிறுத்தாமல் மாட்டினால் ஏதோ ஒரு திருப்பத்தில் அறுந்துவிடும் என்பதும் தெரியும். ஆனால் அந்தப் பை நேரம் வந்தால் வெடிக்குமா என்பதை மாடி வீட்டு அண்ணன் இழுத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. ஹாரன் அடித்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது. என் வேலையைப் பார்க்கத் தெரு முழுக்கத் தேடினாலும் ஆள் இல்லாத இடத்தில், வேலை எனக்கு எவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதற்கு மதிப்பில்லை. நண்பர்கள் இதைக் கோழைத்தனம் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

அண்ணன் போன்றவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்று புலம்பத் தோன்றும். லேத் ஓடிய எஸ்டேட்டில் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள். ஆனால் அண்ணனின் மகள் அங்கேதான் ஒரு ஐடி கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறாள். அவள் எழுதியது நேராக உள்ளே போகாது. கூட வேலை செய்யும் ஒருவர் படித்துப் பார்த்துச் சரி என்று அழுத்தினால்தான் போகும். கோட் ரிவ்யூ என்கிறார்கள். போன வாரம் படியில் ஏறும்போதே கோபம். அவள் எழுதியதை ஒரு பையன் பதினொரு குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பிவிட்டானாம்.

"அந்தப் பையனுக்கு ஒரு காபி வாங்கிக் குடும்மா" என்றார் அண்ணன்.

"காபியா? நாளைக்கு அவன் எழுதினது என்கிட்டதான்பா வருது" என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.