வாப்பாவுக்குச் சொல்லாத கணக்கு

செங்கமாரி என்றால் கல்முனைக் கரையில் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். மஞ்சள் இறங்காமல், உடம்பெல்லாம் அரிப்பெடுத்து, மலம் வெளுத்து, சிறுநீர் கறுத்த பிறகுதான் ஸ்கேன். பித்தநாளத்தில் புற்று, ஈரலுக்கும் பரவிவிட்டது என்று டொக்டர் சொல்வது பெரும்பாலும் மூத்த மகனிடம். “வாப்பாக்குச் சொல்ல வேணாம்” என்பது ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிவாகிவிடும். மஹரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா, வீட்டோடு வைத்துக்கொள்வதா என்பதும் அப்போதே, நோயாளி இல்லாமலே, தீர்ந்துவிடுகிறது.

வைத்தியம் வேண்டாம் என்பது தவறான முடிவு அல்ல. முற்றிய பித்தநாளப் புற்றில் சிகிச்சை இல்லாதவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆறு மாதத்தைத் தாண்டுவதில்லை. 2010இல் வெளியான ஏபிசி-02 ஆய்வில் 410 பேர்: ஜெம்சிட்டபின் என்ற கீமோ மருந்து மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 8.1 மாதம், சிஸ்பிளாட்டினும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 11.7. இடைநிலை என்பது பாதிப் பேர் கடந்துபோகும் கோடு. யாருக்கும் குறித்த தவணை அல்ல. அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் கீமோவைத் தாங்கும் தெம்புள்ளவர்கள் என்பதும் மறக்கக்கூடாது. பேத்தியின் கல்யாணத்தைப் பார்க்க நினைப்பவருக்கு மூன்றரை மாதம் மிகப் பெரிது. கொழும்புப் பயணத்திலும் வார்டிலும் அந்த நாட்களைக் கரைக்க விரும்பாதவருக்கு அது சிறிது. இரண்டும் நியாயமே.

மார்க்கமும் இங்கே நெருக்கவில்லை. பலன் நிச்சயமில்லாத மருத்துவத்தைப் பெரும்பாலான சட்ட அறிஞர்கள் கடமையாக்கவில்லை. அவர்கள் காட்டும் ஆதாரங்களில் ஒன்று, புகாரியில் வரும் வலிப்பு நோய்ப் பெண்ணின் செய்தி. குணமா, பொறுமைக்குச் சுவர்க்கமா என்று நபியவர்கள் கேட்க, அவள் பொறுமையை எடுத்தாள். வலிப்பின்போது ஆடை விலகாதிருக்க மட்டும் துஆச் செய்யச் சொன்னாள். குணத்தை விட்டவள் மானத்தை விடவில்லை. புற்றுக்கு மருந்து வேண்டாம் என்று தீர்த்த வீடுகள் இந்தப் பாதியைத் தவறவிடுகின்றன. பித்தநாளத்தில் ஸ்டென்ட் வைத்தால் பலருக்கு அரிப்பும் மஞ்சளும் தணியும். பித்தம் தேங்கிக் கிருமி தொற்றிச் சாவதும் குறையும். வலிக்கு மோர்பின் இருக்கிறது. கீமோ வேண்டாம் என்பதற்காக இவற்றை மறுக்க யாருக்கும் உரிமையில்லை.

அந்தப் பெண் எடுத்த முடிவு அவளிடமே கேட்கப்பட்டது என்பதுதான் முக்கியம். கேட்கப்படாத வாப்பா எதையெல்லாம் இழக்கிறார்? அடைக்காத கடன், கையிலுள்ள பிறருடைய அமானத், பேச்சு நின்றுபோன தம்பி, சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் எழுதக்கூடிய வஸிய்யத். மரண நோயில் கொடுக்கும் அன்பளிப்புக்கும் ஷரீஅத் அதே எல்லையை வைக்கிறது. நோய் இன்னதென்றே தெரியாதவர் அதை எப்படிக் கவனிப்பார்? மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டிவைக்கும் இந்த ஊர்களில், மீதி வளவு யாருக்கு என்பது சின்ன விஷயமில்லை. மறைப்பவர்களே வாரிசுகளாகவும் இருப்பது யாரும் வாய்விட்டுப் பேசாத சங்கடம். அவர்களுடைய அன்பு உண்மையாக இருந்தாலும் அந்தச் சங்கடம் தீராது.

கேட்டால் உடைந்துபோவார் என்ற பயத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது, சிலர் உடைகிறார்கள். அதனால்தான் மாதக் கணக்கை முகத்தில் எறியாமல், எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று முதலில் அவரிடமே கேட்க வேண்டியிருக்கிறது. “மகன்ட்ட சொல்லுங்க, அது போதும்” என்று அவர் சொன்னால் மகன் தீர்மானிக்கலாம். அப்போது அந்த அதிகாரம் வாப்பா கொடுத்தது.