வைத்திருந்த நேரம்

பென்னாகரம் பக்கம் கம்ப்யூட்டர் கடையில் சான்றிதழுக்குக் காத்திருந்தவர்களுக்கு இந்தப் பதில் பழக்கம்: "சர்வர் ஸ்லோங்க." சர்வரைப் பார்த்துக்கொள்பவரைக் கேட்டால், "இங்கே சரியாத்தான் இருக்கு, உங்க நெட்டைப் பாருங்க" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவர் கையிலும் அளவு இல்லை, அவ்வளவுதான்.

இந்த வழக்கு தருமபுரிக்குப் புதிதல்ல. "தண்ணீரைத் திறந்துவிட்டோம்" என்று ஆற்றின் மேலே ஒரு குரல்; "வந்து சேரவில்லை" என்று கீழே ஒரு குரல். அதற்காகத்தான் ஒகேனக்கல்லுக்குச் சற்று மேலே, பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் காவிரியை அளக்கிறது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீர் என்று சொன்னதும் அந்த இடத்துக் கணக்கில்தான். ஆனால், வழியில் எங்கே எவ்வளவு நேரம் தங்கினேன் என்று தண்ணீர் சொல்வதில்லை.

இணையத்தில் தகவல் பாக்கெட் பாக்கெட்டாகப் பாய்கிறது. 1983இல் மைக் மூஸ் எழுதிய 'பிங்' என்ற நிரல், தனியாக ஒரு பாக்கெட்டை அனுப்பி, பதில் வரும் நேரத்தைப் பார்க்கும். வெறும் பரிசலை விட்டு நீரோட்டம் பார்ப்பது போல. ஆளேற்றிய பரிசலின் பாடு அதற்குத் தெரியாது. 2017இல் வெளியான ஆர்.எஃப்.சி. 8250 என்ற இணையத் தரநிலை ஆவணம் வேறு வழி காட்டியது. ஐபிவி6 என்ற இணைய நெறிமுறையின் பாக்கெட்டிலேயே அளவையும் எழுதி அனுப்பலாம்: வரிசை எண்கள், கால இடைவெளிகள். 'உன்னுடையது வந்தபின் இதை அனுப்பும்வரை இவ்வளவு நேரம் என்னிடம் இருந்தது' என்று மறுமுனை எழுதிவிடும். போய்வந்த மொத்த நேரத்தில் அதைக் கழித்தால், மீதி வழியில் கழிந்தது. இரு முனைக் கடிகாரங்களும் ஒத்திருக்க வேண்டியதில்லை. அவரவர் தாமதத்தை அவரவர் கடிகாரத்தில் எண்ணினால் போதும். கட்டாயமும் இல்லை; விரும்பும் முனைகள் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த ஏற்பாட்டில்தான் என் மனம் நிற்கிறது. பதில் வராத கடிதத்துக்கு நாள் எண்ணுகிறோம். கைமாற்று வாங்கியவர் திருப்பித்தராத மாதங்களை எண்ணுகிறோம். நம் மேசையில் பிரிக்காமல் கிடந்த கடிதத்தின் நாட்கள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அடுத்தவர் தாமதத்தை வெளியே நின்று ஊகிக்கத்தான் முடியும். பிசகின்றி நாம் அளக்கக்கூடிய தாமதம் ஒன்றே ஒன்று, நம்முடையது. கேட்கப்படும் முன்பே அதை எழுதி அனுப்பிவிட்டால், பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.