சக்கரத்துக்கும் சாதியா?

நெற்குப்பையிலிருந்து பொன்னமராவதி செல்லும் சாலை. அரசு வழங்கிய மிதிவண்டியில் மாணவி ஒருத்தி வருகிறாள். பின்னால் வரும் காரின் ஒலிப்பான் அலறுகிறது: ‘விலகு!’ காரோட்டிக்கு மிதிவண்டி இடையூறு. மிதிப்போர்க்குக் காரே பகை. இப்பகையின் வேர் எது?

‘விலகு’ என்னும் குரல் நாம் அறியாததன்று. வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமையையே மறித்த குரல் அது. அதை எதிர்த்து 1924-இல் பெரியார் இருமுறை சிறை சென்றார். அன்று பிறப்பு பேசிற்று. இன்று பெட்ரோல் பேசுகிறது!

1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது, அண்டையிலுள்ள புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் மிதிவண்டி பழகினர். கேலிக் குரல்கள் எழுந்தன. விலகினார்களா அவர்கள்? இல்லை, விரைந்தார்கள்!

ஆனால் தோழர்களே, நம்மையும் கேட்டுக்கொள்வோம். காரைச் சாடும் நாம், நடந்து செல்லும் மூதாட்டியை மணியடித்து விரட்டியதில்லையா? மேலே இருப்பவனிடம் பணிந்து, கீழே இருப்பவனை மிதிப்பதுதானே சாதியின் ஏணி? அந்த ஏணியைச் சாலையில் படுக்கப் போட்டிருக்கிறோம்!

வரி கட்டுகிறேன் என்பார் காரோட்டி. தீப்பெட்டி வாங்கும் ஏழையும் வரி கட்டுகிறான். வேகம் இருமடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகிறது, இது அறிவியல். கொல்லும் வலிமை கூடக் கூடப் பொறுக்கும் கடமையும் கூட வேண்டும், இது அறம்.

ஒலிப்பானையோ மணியையோ தொடுமுன் நாம் கேட்போம்: விலகச் சொல்வது வண்டியையா, மனிதனையா?