ஓய்வு யாருக்கு?

1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம், அடுத்த சில ஆண்டுகளில் சேலத்திற்கும் வந்தது. நாமக்கல் அன்று தனி மாவட்டமன்று, 1997இல்தான் பிரிந்தது. ஊர்தோறும் மகளிர் குழுக்கள் எழுந்தன. கைநாட்டு வைத்த கை கையொப்பமிட்டது; அடுப்பங்கரை தாண்டாத கால் வங்கிப் படியேறியது. எளிய செயலா இது? அன்று, அன்று!

ஆயினும் ஓர் ஐயம். உயர வேண்டியது குடும்பம். வகுப்பில் அமர்ந்தவளோ பெண் மட்டும். பள்ளிபாளையத்தில் தறியோட்டிக் களைத்தவளும், ஆத்தூர்ச் சவ்வரிசி ஆலையில் நாளெல்லாம் நின்றவளும், உலையிறக்கி வைத்துவிட்டுக் கூட்டத்திற்கு ஓடுகிறார்கள். கணவர்மார்? பல வீடுகளில் திண்ணையிலே சீட்டாட்டம். உழைத்த களைப்பாம், பொழுதுபோக்காம்! அவளுக்குக் களைப்பில்லையோ? கும்மியடிக்க அவளுக்குத் திருவிழா வரவேண்டும்.

1991ஐ ஒட்டிய நாள்களில், புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தார் பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியும் கற்பித்தனர். தண்ணீர் கொணர உதவியது, சந்தைக்குப் போக உதவியது என்று பயன் பேசினோம். பயனேதுமின்றி, வெறும் மகிழ்ச்சிக்காக அவள் ஒரு சுற்று சுற்றிவந்தால் குற்றமா? ஆணின் ஆட்டத்திற்கு யார் பயன் கேட்டார்கள்?

அவள் மிதித்த அந்த மாலையில் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டவர் யார்? சோறாக்குவதும் பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் வாழ்க்கைத் திறன்கள் அல்லவா? அந்த வகுப்புக்கு ஆண்களின் வருகைப் பதிவேட்டை எந்த ஊரில் திறந்தார்கள்?